காவல் போடாமல் விட்ட என் டெஸ்டுகள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் இரத்தினபுரிப் பக்கத்து நிவித்திகல வரைக்கும் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வந்தார்கள். தோட்டத்துப் பாதையில் ஏறி வருவதற்குள் ஆளுக்கு இரண்டு அட்டை கடித்துவிட்டது. காலில் உப்புத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகச் சுகம் விசாரிப்பார்கள். இவர்கள் உட்கார்ந்ததும் சந்தேகம் கேட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

"அக்கா, இப்ப டெஸ்ட் எல்லாம் சொஃப்ட்வெயரே எழுதிக் குடுத்துடுது. காலையில சொன்னா மத்தியானத்துக்குள்ள முந்நூறு வந்துடும். ஓட்டினா எல்லாம் பச்சை. அதையெல்லாம் ஒக்காந்து ஒவ்வொண்ணா வாசிக்கணுமா?" என்றாள் அந்தப் பெண்.

வாசிக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், பாதியில் சோறு ஆறிவிட்டது, அவர்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

என் வேலை என்னவென்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கடைசி வரை விளங்கவில்லை. கொழும்பில் கம்பியூட்டர் வேலை என்று சொன்னதால், போனில் சார்ஜ் நிற்கவில்லை, டிவியில் படம் வரவில்லை என்று வாசலில் வந்து நிற்பார்கள். முடியாது என்று சொன்னால், "இத்தன வருசம் கொழும்புல என்னதான் புடுங்குன?" என்று என் நாத்தனாரே கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான்.

ஒரு கருவியில் இருக்கிற திரை, நேரம், நினைவகம் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுத்து மேய்க்கிற அடித்தள மென்பொருளுக்குக் கேர்னல் என்று பெயர். எங்கள் கம்பனி சின்னக் கருவிகளுக்குக் கேர்னல் எழுதியது. ஆற்றில் நீர்மட்டம் அளக்கிற கருவி, மழை அளக்கிற கருவி, அந்த மாதிரி. இரத்தினபுரிப் பக்கம் ஆறு எப்போது ஏறும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கேர்னல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கிற சின்னச் சின்ன நிரல்கள்தான் டெஸ்டுகள். தேறினால் திரையில் பச்சை வரி, தோற்றால் சிவப்பு. அவற்றை எழுதுவதும் ஓட்டுவதும்தான் என் வேலை.

படித்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தோட்டப் பாடசாலை, பிறகு இரத்தினபுரியில் உயர்தரம், பிறகு படித்த பாடசாலையிலேயே சில வருடம் கணக்கு படிப்பித்தேன். கல்யாணம் ஆனது. டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பு முடித்து, முப்பது தாண்டிய பிறகு, கொழும்பில் லாப் உதவியாளராகச் சேர்ந்தேன். உதவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேசையில் வரிசையாக இருக்கிற பச்சை போர்டுகளில், அதாவது கேர்னல் ஓடுகிற மின்சுற்றுப் பலகைகளில், எது இயங்காமல் செத்துப்போனதோ அதன் பொத்தானை அமுக்கி மறுபடி எழுப்ப வேண்டும். செத்த போர்டின் திரையில் கடைசியாக நின்ற எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. சும்மா நிற்க எனக்கு வராது. மூன்றாம் மாதம் அந்தக் கொப்பி டெஸ்ட் குழுத் தலைவர் பண்டார சேரின் கண்ணில் பட்டது. அவர் என்னை டெஸ்ட் குழுவுக்கு மாற்றினார். நிரல் எழுதுகிற சி மொழியை, வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் அறையில் இருந்து படித்தேன். கிழமைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து போனேன். அப்படியே இருபத்தாறு வருடம் போய்விட்டது.

பண்டார சேர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் எனக்கு முதல் நாளிலிருந்தே அவர் சேர்தான். குரல் உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டு தரம் துடைத்தால் பெரிய கோபம். எங்களோடு பேசுவது சிங்களத்தில், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். யாராவது போய், இது இப்படித்தான் நடந்திருக்கும் சேர் என்று ஆரம்பித்தால், "அது கதை. கடதாசியில என்ன இருக்கு?" என்பார்.

கடதாசி என்றால் உண்மையிலேயே கடதாசி. ஒரு போர்ட் செத்தால், அந்த நேரத்தில் அதன் நினைவகத்தில் இருந்த எண்களை அச்சடித்து எடுக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் தன் பிரதியில் மர அடிமட்டத்தை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்து, எதிர்பாராத எண் கேட்டால் பென்சிலால் வட்டம் போடுவார். பேனாவுக்கு அனுமதி இல்லை. நடுவில் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. பக்கம் முடிந்த பிறகுதான் வேறு பேச்சு. புதிதாக வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கோயிலில் அர்ச்சனை நடக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். ஆனால் திரையில் நான்கு தரம் பார்த்தும் பிடிபடாத பிழை வாய்விட்டு வாசிக்கும்போது பிடிபட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

நினைவகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கேர்னல் நினைவகத்தை அளவு அளவான பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கும். அறுபத்து நான்கு பைட் பெட்டிகள் ஒரு வரிசை, அதைவிடப் பெரியவை இன்னொரு வரிசை. ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து கொள்ளும் இடம். நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் பெட்டியைக் கேட்டு வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். திரும்பி வந்த பெட்டியைக் கேர்னல் முழுக்க 6b என்ற எண்ணால் (கம்பியூட்டர் எண்களில் எழுத்தும் வரும்) நிரப்பி வைக்கும். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எல்லாம் 6b ஆகவே இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் தன் காம்பரா அறையைக் காலி செய்து, சாவியைத் தோட்டக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கொடுத்துவிட்டுப் போகிறது. கந்தோர் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கிறது. போனவர் இன்னொரு சாவியை இடுப்பில் வைத்திருந்து, பழைய நினைப்பில் திறந்து உள்ளே எதையாவது போட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? புதுக் குடும்பத்துக்குள் சண்டை வரும். நினைவகச் சிதைவு என்பது பெரும்பாலும் இதுதான். எழுதியவன் தப்பிவிடுவான், அந்த நேரம் அந்தப் பெட்டியில் இருக்கிறவன்தான் சாவான். அதனால் முதலில் பிடிபடுகிறவனை நம்பிவிடாதீர்கள் என்று புதியவர்களுக்கு நான் பதினைந்து வருடம் பாடம் எடுத்திருக்கிறேன்.

அடுத்தவர் பெட்டியில் இப்படி எழுதுகிறவர்களைப் பிடிக்க எங்களிடம் ஒரு கருவி இருந்தது. நாங்கள் அதைக் காவல் என்றே கூப்பிட்டோம். நிரல் ஒரு பெட்டியில் எழுதுகிற, வாசிக்கிற ஒவ்வொரு தரமும் அது கூடவே நின்று, இந்தப் பெட்டி இவருடையதுதானா என்று பார்க்கும். இல்லையென்றால் சத்தம் போடும். ஆனால் எந்தக் கோப்புறைக்குக் காவல் போடுவது, எதற்கு வேண்டாம் என்பதை நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது நான்.

டெஸ்ட் கோப்புறைக்குக் காவல் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. காவல் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மூன்று டெஸ்டுகள் வைத்திருந்தேன். அவை வேண்டுமென்றே அடுத்தவர் பெட்டியை எட்டிப் பார்க்கும், எதையும் எழுதாது. காவல் கத்த வேண்டும், கத்தியது. தினமும் காலையில் மூன்று சிவப்பு வரிகள். அதைப் பார்த்து மேலே இருக்கிறவர்கள் பயந்து எனக்குப் போன் போடுவார்கள். விளங்கப்படுத்தி அலுத்துப்போய், ஒரு நாள் முழுக் கோப்புறைக்குமே காவலை எடுத்துவிட்டேன், அந்த மூன்றையும் வேண்டும்போது தனியாகக் காவலோடு ஓட்டிக்கொள்ளலாம் என்று. டெஸ்ட் கோடு, அதாவது அதன் நிரல் வரிகள், ஆற்றங்கரைக்கா போகப்போகிறது, லாபுக்குள்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒரே ஒரு வரி. எழுதி ஆறு வருடம் ஆகி, அப்படி ஒன்று எழுதினேன் என்பதே மறந்துபோயிருந்தது.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது ரிஸ்வான் வந்தான். இரத்தினபுரி டவுன் பிள்ளை, மாணிக்கக் கல் வியாபாரக் குடும்பம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்போது நான் கொரோனாவுக்குப் பிறகு பாதி நாள் வீட்டிலிருந்தும் பாதி நாள் கொழும்பிலும் வேலை பார்த்தேன். அவனுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். கருவியிலிருந்து தலைமை நிலையத்துக்குத் தகவல் அனுப்புகிற பகுதியை அவனிடம் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் எழுதி முடித்தான். கோடு பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஆனால் டெஸ்டுகளை ஓட்டினால் நாற்பது தரத்தில் ஒரு தரம் போர்ட் செத்தது. ஒவ்வொரு தரமும் அவனுடைய பகுதியில்தான் செத்தது. அவனுடைய அறுபத்து நான்கு பைட் பெட்டியில், பூச்சியத்திலிருந்து எண்ணினால் இருபத்து நான்காவது பைட்டில், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அந்த எடத்துல நான் ஒன்னுன்னு எழுதவே மாட்டேன். அங்க ஈக்கிறது அடுத்த தகவல் பெக்கட்டோட முகவரி. வேற யாரோ எழுதுறாங்க" என்றான் ரிஸ்வான்.

"வேற யாராச்சும் எழுதினா காவல் கத்தியிருக்கும் தம்பி. கத்தலையே" என்றேன்.

"என்ட டெஸ்ட மட்டும் தனியா ஓட்டினா ஒரு தரமும் சாகுதில்ல. எல்லாத்தோடயும் சேத்து ஓட்டினாத்தான் சாகுது. அதையும் கொஞ்சம் பாருங்களே."

நான் அதையும் அவனுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் தடுமாறுகிற கோடு பலவீனமான கோடு என்று சொன்னேன். அனுபவசாலியின் வாயிலிருந்து வந்ததால் அது பெரிய உண்மை மாதிரிக் கேட்டது.

அவன் சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து எழுதுகிறவனைப் பிடிக்கத் தன் பெட்டியின் முன்பக்கம் எட்டு பைட் கூட்டி ஒரு பொறி வைத்தான். அந்த எட்டு பைட்டில் ஒரு குறிப்பிட்ட எண்ணை வைத்து, அது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பொறியில் யாரும் விழவில்லை. அதோடு போர்ட் சாவதும் நின்றுவிட்டது. முந்நூறு தரம் ஓட்டினோம், எல்லாம் பச்சை.

"பாத்தீங்களா, உங்க கோட்ட மாத்தினீங்க, சரியாப் போச்சு" என்றேன்.

"அக்கா, இது திருத்தம் இல்ல, பொறி. ஏன் நின்டிச்சின்னு எனக்கே வெளங்குதில்ல."

கூட்டத்தில் பண்டார சேர் கேட்டார். "ராணி, நிச்சயமா?"

"நூற்றுக்கு நூறு சேர்."

"கடதாசியில என்ன இருக்கு?"

கடதாசியைக் காட்டினேன். காவல் கத்தவில்லை. தனியாக ஓட்டினால் சாவதில்லை. அவன் தன் கோட்டை மாற்றியதும் நின்றுவிட்டது. மூன்றும் உண்மை. பதிவேட்டில் "அனுப்பும் பகுதியில் நினைவகப் பிழை, எழுதியவரால் திருத்தப்பட்டது" என்று எழுதினேன். சேர் கையெழுத்து வைத்தார். பிழைக்குக் காரணம் சொல்ல முடியாதவனை நிரந்தரமாக்க முடியாது என்று மேலிடம் முடிவு செய்தது. கடைசி நாள் ரிஸ்வான் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் வந்து, "போயிட்டு வாறேன் அக்கா, நிறையப் படிச்சேன்" என்றான். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டில் இருந்தேன். காலையிலிருந்தே மழை. கோப்புகளைச் சேமிக்கிற பகுதியில் போர்ட் நின்றுவிட்டது என்று லாபிலிருந்து செய்தி வந்தது. அது பத்து வருடப் பழைய பகுதி, ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. அந்தப் பகுதி ஒரு புதுப் பெட்டி கேட்டிருக்கிறது. கொடுப்பதற்கு முன் கேர்னல் பெட்டியைப் பார்த்து, இது சுத்தமாக இல்லை என்று நிறுத்திவிட்டது. அச்சடித்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

எதிரே உட்கார ஆள் இல்லாததால் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்தப் படத்தை அச்சடித்த ஒரு பிரதியையும் அடிமட்டத்தையும் கையில் கொடுத்தேன். அவர் ஓய்வு பெற்ற டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வெப்பமானி பார்த்த கண், எண் தப்பாது. நான் வாசித்தேன். "ஆறு பி, ஆறு பி, ஆறு பி, ஆறு பி..." இருபத்து நான்கு தரம் சொல்லியிருப்பேன். அடுத்தது, "பூச்சியம் ஒன்று."

அவர் வட்டம் போட்டார். பிரதியை வாங்கி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

யாருக்கும் சொந்தமில்லாமல் காலியாக இருந்த பெட்டியில், அதே இடத்தில், அதே ஒன்று. அறுபத்து நான்கு பைட் வரிசை. இந்தத் தரம் அந்தப் பெட்டியில் யாருமே குடியில்லை, அதனால் பழி போடவும் ஆள் இல்லை. ரிஸ்வானின் பெட்டியோ அந்த எட்டு பைட் கூடியதால் பெரிய வரிசைக்குப் போய்விட்டது. அவன் லயம் மாறியதால்தான் அவனுக்குச் சண்டை நின்றது. திருத்தம் எதுவும் நடக்கவே இல்லை.

அந்தப் பெட்டியைக் கடைசியாக வைத்திருந்தது யார் என்று எழுதிவைக்க அவ்வளவு சின்ன போர்டில் இடம் கிடையாது. ஆகவே வேறு வழியில் தேட வேண்டியிருந்தது. அறுபத்து நான்கு பைட் பெட்டி வாங்குகிறவர்கள் யார் யார், அவர்களில் இருபத்து நான்காவது பைட்டில் ஒன்று என்று எழுதுகிறவர்கள் யார் என்று பட்டியல் போட்டேன். ஐந்து பேர் தேறினார்கள். நான்கு பேர் காவலுக்குள் இருக்கிறவர்கள், தப்பு செய்திருந்தால் அது கத்தியிருக்கும். ஐந்தாவது நான் எழுதிய டெஸ்ட்.

கடிகாரத்தைச் சோதிக்கிற டெஸ்ட் அது. ஒரு பெட்டி வாங்கி, "இன்னும் சற்று நேரத்தில் மணியடித்து, இந்தப் பெட்டியில் ஒன்று என்று எழுது" என்று அலாரம் வைக்கும். வேலை முடிந்ததும் அலாரத்தை ரத்து செய்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் ரத்து செய்கிற அந்த நொடியில் அலாரம் ஏற்கெனவே அடிக்க ஆரம்பித்திருந்தால்? அது அடித்து முடிகிற வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. பெட்டியைக் கொடுத்த பிறகு அலாரம் வந்து தன் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. என் டெஸ்டை அடுத்து ஓடுவது ரிஸ்வானுடைய டெஸ்ட். அவன் டெஸ்டைத் தனியாக ஓட்டினால் ஏன் சாகவில்லை என்பது இப்போது தெரிகிறதல்லவா?

திருத்துவதற்கு ஒரு சொல் போதும். "ரத்து செய்" என்பதை "ரத்து செய்து முடியும்வரை நில்" என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்றினேன். விரல் அடுத்த பொத்தானுக்குப் போனது. "சிறு மேம்பாடு" என்று எழுதி அனுப்பினால் எவரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஓய்வுக்கு ஒன்றரை வருடம்கூட இல்லை. நான் பயந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நல்ல பெயரோடு போக வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருந்தது. அதைவிட வெட்கம்தான் அதிகம். பதினைந்து வருடம் பாடம் எடுத்தவள் முதலில் பிடிபட்டவனையே பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். பெட்டி, அலாரம் எல்லாம் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பய இப்ப எங்க இருக்கான்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஏழு வாரமாக நான் யாரிடமும் கேட்டிருக்கவும் இல்லை.

பண்டார சேருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் கண்ணாடி துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"சரி. மொதல்ல பதிவேட்டுல எழுதுங்க. பிழை கண்டுபிடிக்கப்பட்டதுன்னு எழுத வேணாம். யார் செஞ்சது, எந்த வரி, யார் மேல பழி விழுந்தது, எல்லாம் பேரோட எழுதுங்க. நான் கையெழுத்து வச்சேன்னும் எழுதுங்க."

"மொதல்ல அந்தப் பிள்ளையப் போய்ப் பாத்துட்டு வந்து எழுதட்டுமா சேர்?"

"வேணாம். மொதல்ல பார்த்தா அவன் பரவாயில்ல அக்கான்னு சொல்லிடுவான். அப்புறம் உங்க கை மென்மையா எழுதும்."

அன்று பின்னேரமே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அடுத்த நாள் அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினேன்.

கல் வியாபாரிகள் உள்ளங்கையில் கல்லை வைத்துக்கொண்டு நிற்கிற தெருவில், ஒரு கல் வெட்டுகிற கடைக்குள் ரிஸ்வான் இருந்தான். அவனுடைய மாமாவின் கடை. கல்லுக்கெல்லாம் படமெடுத்துக் கம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தான். நான் வாய் திறக்காமல் கடதாசியைக் கொடுத்தேன்.

விரல் வைத்து வரி வரியாக வாசித்தான். இரண்டாவது தரமும் முதலிலிருந்து வாசித்தான். தேத்தண்ணீர் வந்து ஆறியது.

"அந்த ஒன்னு ஒங்கடதா அக்கா?"

"என்னுதுதான் தம்பி."

"காவல் ஏன் கத்தல்ல?"

மூன்று டெஸ்டுகளின் கதையைச் சொன்னேன். கோப்புறையில் மொத்தம் எத்தனை டெஸ்டுகள் என்று அவன் மனதில் கணக்குப் போட்டான்.

"மூனுக்காக நூத்தி நாப்பத்திரெண்டுக்கும் எடுத்துட்டீங்க."

"ஆமா."

பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினான். "உம்மாக்கிட்ட அந்த வேல எனக்கு ஒத்து வரல்லன்னு செல்லி வச்சீக்கிறேன். அது பரவால்ல. ஆனா நானே நம்பிட்டேன் அக்கா. எங்கயோ எனக்குத் தெரியாம நான்தான் பிழ செஞ்சீக்கிறேன்னு. அந்தக் கோட்ட மனசுக்குள்ள எத்தின தரம் வாசிச்சிருப்பேன் தெரியுமா? பிழையக் கண்டுபுடிக்க ஏலாம, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு முடிவு கட்டிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அழுதால் அவன் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். "உங்க கோட்ல பிழையே இல்ல தம்பி. உங்க கோட்ட நான் வாசிச்ச அளவுக்கு என் கோட்ட நான் வாசிக்கல. மன்னிச்சிக்கங்க" என்றேன்.

"சேர் திரும்ப வரச் சொல்றார். நிரந்தரமாவே" என்றும் சொன்னேன்.

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "உம்மாக்குக் காட்டணும்" என்றான். பஸ் நிலையம் வரை கூடவே வந்து, நிவித்திகல பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பார்த்து ஏற்றிவிட்டான்.

அலுவலகத்தில் முதல் வேலையாகக் காவலை டெஸ்ட் கோப்புறை முழுவதற்கும் போட்டேன். அந்த மூன்றை மட்டும் பெயர் சொல்லி வெளியே வைத்தேன். ஓட்டிய முதல் நாளே பதினொரு இடத்தில் கத்தியது. எல்லாம் நான் எழுதியவை, அல்லது நான் பார்த்துச் சரி என்று விட்டவை. ஒரு டெஸ்ட் பத்துப் பெட்டி வாங்கிவிட்டுப் பதினோராவதை எட்டிப் பார்த்தது. ஒரு டெஸ்ட் நடுவில் தோற்றுப்போனால் ஒரே பெட்டியை இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தது. ஒன்றில் பெயர் எழுதிய நான், பெயர் இங்கே முடிகிறது என்று காட்டுகிற கடைசிப் பூச்சியத்துக்கு இடம் விடவில்லை. எல்லாம் பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தவை. ஒவ்வொன்றையும் அச்சடித்து, எதிரே ஓர் ஆளை வைத்து, வாய்விட்டு வாசித்துத் திருத்தினேன். மூன்று வாரம் எடுத்தது. இளம் பிள்ளைகள் முன்னால் என் கோட்டை நானே வாசித்து வட்டம் போட வைப்பது முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கடைசியாக ரிஸ்வானின் கோட்டைத் திறந்தேன். அவன் கூட்டிய எட்டு பைட்டை எடுத்து, பெட்டியைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். அவன் பகுதி மறுபடி அதே அறுபத்து நான்கு வரிசைக்குத் திரும்பியது. நானூறு தரம் ஓட்டினேன். ஒன்றும் சாகவில்லை. பழைய பதிவை அடித்துவிட்டு, எழுதியவர் கோட்டில் பிழை இருந்ததில்லை என்று எழுதி, சேரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அன்று மத்தியானம் ரிஸ்வானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பொறியை எடுத்துவிட்டதையும் நானூறு தரமும் பச்சை வந்ததையும் சொன்னேன். இரத்தினபுரியில் பார்த்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கவில்லை, இன்றும் வராது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் பதில் செய்தி வந்தது.

"தனியாவா ஓட்டினீங்க, சேத்தா?"

"சேத்துத்தான் தம்பி. நூத்தி நாப்பத்திரெண்டும். ஒவ்வொரு தரமும் வரிசைய மாத்தி மாத்தி ஓட்டினேன். காவலையும் போட்டு."

"அந்த மூனு?"

"அது மட்டும் வெளியில. ஏன் வெளியிலன்னு ஒவ்வொண்ணுக்கும் மேல எழுதி வச்சிருக்கேன். அடுத்த ஆள் வாசிச்சு ஒத்துக்கணும்னு சேர் சொல்லியிருக்கார். இன்னும் யாரும் வாசிக்கல."

நான் போனை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"அப்ப சரி. திங்கக்கிழம வாறேன் அக்கா. அந்த மூன நான் வாசிக்கிறேன்."